வாரண்ட் கேட்டீர்கள், சரி, பட்டியல் கேட்டீர்களா?

கோலாலம்பூர், செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றின் 9ஆம் மாடியில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை. போன வாரம் இரவு 11.40க்குக் கம்பிக்கதவு தட்டப்பட்டது. சீருடை இல்லாத ஐந்து பேர். "போலீஸ்" என்று சொல்லி ஒருவர் மஞ்சள் நிற அட்டையை ஒரு கணம் காட்டினார். கணவரின் தம்பி திருட்டு மோட்டார் உதிரிப்பாகங்களை விற்றதாகப் புகார், அவரைத் தேடுகிறோம் என்றார்கள். தம்பி இரண்டு வருடமாக கெப்போங்கில் இருக்கிறார். அடையாள அட்டையில் மட்டும் இன்னும் இந்த முகவரிதான். வாசகி வாரண்ட் கேட்டார். "தேவையில்லை" என்று உள்ளே வந்துவிட்டார்கள். அவரையும் மாமியாரையும் 19 வயது மகளையும் கூடத்துச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, மூன்று அறைகளையும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தேடினார்கள். மகளின் மடிக்கணினி, இரண்டு கைப்பேசிகள், சாமி அறை டப்பாவில் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 3,200 வெள்ளி (ரிங்கிட்) ரொக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். மலாயில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், நகல் தரவில்லை. இப்போது வியாழக்கிழமை வாக்குமூலம் கொடுக்க வரும்படி தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள்.

"வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வந்தது அரசியலமைப்புக்கு விரோதம்தானே? அப்படியானால் அவர்கள் எடுத்தது எதுவும் வழக்கில் நிற்காதுதானே? வியாழக்கிழமை நான் ஏன் போக வேண்டும்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நள்ளிரவில், வீட்டில் ஆண்துணை இல்லாத நேரத்தில், ஐந்து அந்நியர்கள் அலமாரியைக் கலைப்பதைக் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்பது உங்கள் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லாதது. அதை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை முடிவெடுத்தால் உங்களுக்குத்தான் பாதகம். அதனால் கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசியலமைப்பில் இருப்பதும் இல்லாததும்

படங்களில் நாம் பார்க்கும் "வாரண்ட் எங்கே?" என்ற கேள்வி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1791லேயே அரசியலமைப்பில் சேர்த்த நான்காவது திருத்தம் வீட்டையும் உடைமையையும் காரணமற்ற சோதனையிலிருந்து காக்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பில் வீட்டுச் சோதனை பற்றித் தனிப் பிரிவே கிடையாது. நமக்கு இருப்பவை பிரிவு 5(1), பிரிவு 13(1) ஆகிய இரண்டும்தான். முதலாவது, சட்டப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. இரண்டாவது, சட்டப்படி அல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. தனிமனிதச் சுதந்திரம் என்பதற்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று 2010இல் பதிவான சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் "சட்டப்படி அல்லாமல்" என்ற நிபந்தனை அங்கேயேதான் இருக்கிறது.

ஆக, "வாரண்ட் இருந்ததா?" என்பதோடு கேள்வி முடிவதில்லை. "எந்தச் சட்டப் பிரிவின்படி வந்தார்கள், அந்தப் பிரிவு சொல்லும் நடைமுறையைப் பின்பற்றினார்களா?" என்றுதான் கேட்க வேண்டும். உங்கள் பலம் முழுக்க இரண்டாவது பாதியில் இருக்கிறது.

வாரண்ட் இல்லாமல் வரக்கூடிய வழிகள்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வாரண்ட்தான் பொது வழி: மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட தாளைக் காட்டி உள்ளே வருவது. அதைத் தவிர உங்கள் விஷயத்தில் பொருந்தக்கூடிய மூன்று கதவுகள் உண்டு.

பிரிவு 16: கைது செய்ய அதிகாரமுள்ள போலீஸ், தேடப்படுபவர் ஒரு வீட்டுக்குள் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், வீட்டார் வழிவிட வேண்டும், மறுத்தால் கதவை உடைக்கவும் முடியும். தம்பியின் அட்டையில் உங்கள் முகவரி இருப்பது அவர்களுக்கு அந்தக் காரணத்தைக் கொடுத்துவிட்டது. ஆனால் இது ஆளைத் தேடும் அதிகாரம். ஓர் ஆள் சாமி அறை டப்பாவுக்குள் ஒளிந்திருக்க முடியாது.

பிரிவு 62: திருட்டுப் பொருள் ஓரிடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருப்பதாகத் தகவல் வந்து, வாரண்ட் வாங்கும் தாமதத்தில் அது கைமாறிவிடும் என்று நம்ப நல்ல காரணம் இருந்தால், உடனே சோதிக்கலாம். இந்த அதிகாரம் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவருக்கு மட்டுமே உண்டு. அதுவும் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட திருட்டுப் பொருளைத் தேடத்தான்.

பிரிவு 116: விசாரணைக்குத் தேவையான ஆவணமோ பொருளோ, கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று நம்பக் காரணம் இருந்தாலோ, யாரிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டாலோ, விசாரிக்கும் அதிகாரி சோதிக்கலாம். நடைமுறையில் போலீஸ் பெரும்பாலும் சாய்ந்து நிற்பது இதன்மேல்தான். வாரண்ட் இல்லாமலே கைதுசெய்யத்தக்க குற்றங்களில் இந்த விசாரணை அதிகாரம் சார்ஜன் பதவிக்குக் குறையாதவருக்கோ நிலையப் பொறுப்பதிகாரிக்கோ உண்டு. முடிந்தவரை அவரே நேரில் சோதிக்க வேண்டும். முடியாதபோது கீழுள்ளவரை அனுப்பலாம். ஆனால் எதை, எங்கே தேட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு கொடுத்தனுப்ப வேண்டும்.

போதைப்பொருள், பாதுகாப்புக் குற்றங்கள், திட்டமிட்ட கும்பல் குற்றங்கள் ஆகியவற்றுக்குத் தனி அதிகாரங்கள் இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் அந்த வாடை இல்லாததால் அதற்குள் போகவில்லை.

இப்போது அந்த மஞ்சள் அட்டைக்கு வருவோம். நீங்கள் நிறத்தைக் கவனித்தது மிக நல்லது. போலீஸ் அதிகார அட்டையில் நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழ். வெள்ளை, துணைப் படையான போலீஸ் சேமப் படை. சிவப்பு, பணியிடைநீக்கம் செய்யப்பட்டவர்; அவருக்கு உங்களிடம் எந்த அதிகாரமும் இல்லை. உங்கள் வாசலில் பேசியவர் இன்ஸ்பெக்டர் இல்லை. மற்ற நால்வரில் ஒருவர் இன்ஸ்பெக்டராக இருந்தாலொழிய பிரிவு 62 அடைபட்டுவிடுகிறது. பிரிவு 116 என்றால் அவர் சார்ஜனா, கோப்ரலா என்பதும், கோப்ரலானால் எழுத்து உத்தரவு இருந்ததா என்பதும் கேட்கவேண்டியவை. இவற்றுக்குப் பதில் போலீஸ் கோப்பில்தான் இருக்கிறது. அதனால் "சட்டவிரோதம்" என்று இப்போதே முத்திரை குத்தாமல், இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டு வையுங்கள்.

"எடுத்தது வழக்கில் நிற்காதுதானே?"

நிற்கும். இதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். 1955இல் பதிவான குருமா வழக்கில், கென்யாவில் சைக்கிளில் போன ஒருவரை, சோதனையிடும் பதவி இல்லாத போலீஸ்காரர்கள் சோதித்துத் தோட்டாக்களைக் கண்டெடுத்தார்கள். உதவி இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர்தான் சோதிக்கலாம் என்பது அன்றைய விதி. ஆனாலும் ஆதாரம் வழக்கோடு தொடர்புடையதானால் அது எப்படிக் கிடைத்தது என்பது தடையாகாது என்று அன்றைய காலனி நாடுகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றங்கள் அந்த வழியில்தான் நடந்து வருகின்றன. ஒரு சாட்சியத்தை ஏற்பது மிகவும் அநீதியாக முடியும் என்றால் ஒதுக்கிவைக்க நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு. அதை நம்பிப் படகு விட முடியாது.

அப்படியானால் நடைமுறை மீறலைக் கிளப்பி என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் மூன்று இடங்களில் உண்டு. கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் பொருள் உண்மையில் எங்கே இருந்தது என்ற சண்டையில், பட்டியலில் உள்ள ஓட்டை அதிகாரியின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். பொருளைத் திரும்பக் கேட்கும்போது அது உங்கள் கையை வலுவாக்கும். புகாரோ நஷ்டஈட்டு வழக்கோ போட்டால் அடித்தளமே அதுதான்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்

அன்றிரவு நடந்ததில் மிகத் தெளிவான மீறல் வாரண்ட் இல்லாதது அல்ல. பிரிவு 65, சோதனை நடக்கும்போது வீட்டில் வசிப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்க எல்லாச் சமயத்திலும் அனுமதிக்க வேண்டும் என்கிறது. சோதனை முடியும்வரை வீட்டில் உள்ளவர்களை வெளியே போகாமல் நிறுத்திவைக்கப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மூவரையும் சோபாவில் உட்காரவைத்துவிட்டு அறைகளைத் தேடுவது அதில் சேராது. நீங்கள் ஒருவராவது அறை அறையாகக் கூடவே போயிருக்க வேண்டும்.

பிரிவு 64, எடுத்த ஒவ்வொரு பொருளையும் அது எங்கே கிடைத்தது என்பதோடு பட்டியலிட்டு, சோதித்த அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்கிறது. பிரிவு 65இன்படி அந்தப் பட்டியலின் நகலை நீங்கள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். "கேட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அன்று கேட்கவில்லை என்றால் அவர்கள் கொடுக்காதது குற்றமாகாது. இப்போது எழுத்தில் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கலங்க வேண்டாம். அதனால் நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். "ஒரு மடிக்கணினி, இரண்டு கைப்பேசி, ரொக்கம்" என்று மட்டும் இருந்தால் 3,200 வெள்ளி நாளை 2,300 ஆனாலும் வாதாட இடமில்லாமல் போகும். தொகை, எத்தனை 100 வெள்ளி நோட்டு, எத்தனை 50, எந்த டப்பாவில், எந்த அறையில் என்று இருக்க வேண்டும். கைப்பேசிக்கு நிறுவனப் பெயர், நிறம், 15 இலக்க ஐஎம்இஐ எண். இந்த எண் நீங்கள் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். பணத்தை வங்கியிலிருந்து எடுத்திருந்தால் அந்த மாதக் கணக்கறிக்கையையும், கல்லூரியின் கட்டண விவரத்தையும் இன்றே எடுத்து வையுங்கள்.

பொருளைத் திரும்பப் பெற

விசாரணை அதிகாரியின் பெயர், பதவி, புகார் எண் ஆகியவற்றை உங்களை அழைத்தவரிடமே கேட்டு வாங்குங்கள். பிறகு மலாயில் ஒரு பக்கக் கடிதம்: சோதனை நடந்த தேதி, நேரம், எந்தப் பிரிவின்படி, யார் தலைமையில் நடந்தது என்ற கேள்வி, எடுக்கப்பட்ட பொருள்களின் விவரம், பட்டியலின் நகல் கேட்டு ஒரு வரி, பொருளைத் திருப்பிக் கேட்டு ஒரு வரி. கோபத்துக்கு அதில் இடம் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்துப்போய், உங்கள் பிரதியில் 'தெரீமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம்.

திருட்டுப் பொருளென்று சந்தேகித்தோ குற்றச் சந்தேகம் எழும் சூழலிலோ போலீஸ் கைப்பற்றியதை உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இது பிரிவு 413. பணமும் மடிக்கணினியும் வழக்குக்குத் தேவையில்லை என்றால், கடிதத்துக்குப் பதில் வராத நிலையில் வழக்கறிஞர் மூலம் இந்தப் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். கைப்பேசிகள் தாமதமாகும்; தடயவியல் சோதனை என்று வைத்துக்கொள்வார்கள். மகளின் கல்லூரிப் பாடங்கள் மடிக்கணினியில் இருந்தால், அந்தக் கோப்புகளின் நகலையாவது முதலில் தரும்படி தனியாகக் கேளுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. கைப்பேசியில் உள்ளதைத் தொலைவிலிருந்து அழிக்கும் வசதி இருக்கிறதே என்று மகள் நினைக்கக்கூடும். வேண்டவே வேண்டாம். அழிப்பது வெறும் குடும்பப் படங்களாக இருந்தாலும், தடயத்தை அழித்த குற்றமாக, குற்றவியல் சட்டத்தின் 201ஆவது பிரிவின்கீழ் அது திரும்பக்கூடும். அதே எண்ணுக்குப் புது சிம் வாங்குவதிலும் வங்கிச் செயலியை முடக்கச் சொல்வதிலும் தவறில்லை. செய்ததை விசாரணை அதிகாரிக்கு ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். கடவுச்சொல் கேட்டால், நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு சோதனையிடும் போலீசுக்குக் கணினித் தரவை அணுகும் அதிகாரத்தைக் கடவுச்சொல்லோடு சேர்த்தே கொடுக்கிறது. மறுப்பதா கொடுப்பதா என்பதை வழக்கறிஞரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

வியாழக்கிழமை

போங்கள். போகாமல் இருப்பதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. சாட்சியை அழைக்கும் முறையான வழி பிரிவு 111இன்கீழ் எழுத்து உத்தரவு. தொலைபேசி அழைப்பு அதற்கு ஈடாகாது. அந்த உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் நீங்கள் எந்த வழக்கில், எந்த நிலையில் அழைக்கப்படுகிறீர்கள் என்று தெரியும்.

வாக்குமூலம் பிரிவு 112இன்கீழ் எடுக்கப்படும். கேட்கும் கேள்விக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். தெரியாததை "தெரியாது" என்று சொல்லுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தம்பி யாரோடு பழகினார், எங்கே விற்றார் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியாது என்றால் அதுதான் பதில். மலாய் உங்களுக்குச் சரளமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். எழுதியதை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், திருத்த வாய்ப்பும் தர வேண்டும். சோதனை இரவில் போட்டதைப் போல இன்னொரு கையெழுத்து வேண்டாம்.

வழக்கறிஞரை அழைத்துப் போகலாம். அறைக்குள் விடுவார்களா என்பது அதிகாரியைப் பொறுத்தது. வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்பதே உள்ளே நடப்பதை மாற்றும். ஒருவேளை அங்கேயே கைது செய்தால், காரணம் சொல்லவேண்டியதும் வழக்கறிஞரை அணுக விடவேண்டியதும் அரசியலமைப்பின் 5(3) பிரிவு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டியது 5(4). இவை அரசியலமைப்பே நேரடியாகத் தரும் உரிமைகள். உறவினருக்குத் தகவல் சொல்லும் உரிமை பிரிவு 28ஏ-யில் இருக்கிறது. பணமில்லை என்று பயப்பட வேண்டாம்: குடிமக்களுக்குக் கைது, தடுப்புக்காவல் கட்டத்திலேயே இலவச உதவி தர தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் கோலாலம்பூரில் இருக்கிறது.

உங்கள் மாமியாரிடம் ஒன்றைத் தனியாகச் சொல்லுங்கள். தேடப்படும் குற்றவாளியை மறைத்து வைப்பது குற்றவியல் சட்டத்தின் 212ஆவது பிரிவின்கீழ் குற்றம். அதிலிருந்து கணவன் மனைவிக்கு மட்டுமே விலக்கு. பெற்ற தாய்க்கும் இல்லை, அண்ணிக்கும் இல்லை. பிள்ளை இரவில் வந்து ஒரு வாய்ச் சோறு கேட்டால் தாய்மனம் என்ன செய்யும் என்று தெரிந்தே சொல்கிறேன். வழக்கறிஞரோடு நிலையத்துக்குப் போகும்படி தம்பியிடம் மாமியாரைச் சொல்லச் சொல்லுங்கள். அடையாள அட்டை முகவரியையும் தம்பி தேசியப் பதிவுத்துறையில் மாற்றியாக வேண்டும்.

மறுபடியும் கதவு தட்டினால்

கம்பிக்கதவைப் பூட்டியபடியே அட்டையைக் கேளுங்கள். பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படித்து, மகளை எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் எதிரிலேயே மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு அழைத்து உறுதிசெய்யுங்கள்; போலி போலீஸ் நடமாடும் ஊரில் இது நியாயமான முன்னெச்சரிக்கை. வாரண்ட் இருந்தால் அதில் உங்கள் வீட்டு எண், மாடி, தேதி, முத்திரை சரியா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்தப் பிரிவு, எதைத் தேடுகிறீர்கள் என்று கேளுங்கள்.

அதன் பிறகு தடுக்காதீர்கள். கதவில் கை வைத்து மறித்தால், அரசு ஊழியரின் கடமையைத் தடுத்ததாகக் குற்றவியல் சட்டத்தின் 186ஆவது பிரிவு வரும்: 2 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அதே நேரம் "வாங்க, பாருங்க" என்றும் சொல்லாதீர்கள். நீங்களே சம்மதித்தீர்கள் என்று அது எழுதப்படும். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: "துவான், சாயா தீடாக் ஹாலாங், தெத்தாப்பி சாயா தீடாக் பெரி கெபெனாரான்." நான் தடுக்கவில்லை, ஆனால் சம்மதமும் தரவில்லை. பிறகு கூடவே போங்கள், ஓர் அறை முடிந்து அடுத்த அறை என்று. பெண்களின் உடலைச் சோதிப்பதென்றால் பெண் போலீஸ்தான், கண்ணியம் கெடாமல். ஆண் கை வைக்கக் கூடாது. தாளில் கையெழுத்துக் கேட்டால் படித்த பிறகு போடுங்கள். நகல் தராவிட்டால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் 'தீடாக் தெரீமா சாலினான்' (நகல் பெறவில்லை) என்பதையும் எழுதுங்கள்.

புகாரும் வழக்கும்

உடனிருக்க விடாதது, கேட்டும் நகல் தராதது ஆகியவற்றுக்குப் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தின் நேர்மை, தரநிலைப் பின்பற்றல் துறையிலும், 2023 ஜூலையிலிருந்து இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் குறைந்து வந்தால் தனியாகப் போலீஸ் புகாரும் போடுங்கள். 4 வாரம் கழித்து அதன் நிலையை எழுதிக் கேட்டால், 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது பிரிவு 107ஏ.

நஷ்டஈட்டு வழக்கை இப்போதே தொடங்க நான் சொல்ல மாட்டேன். அரசுக்கு எதிரான வழக்கில் இன்ன அதிகாரி இன்னதைச் செய்தார் என்று அடையாளம் காட்ட வேண்டும். உங்களிடம் இன்று ஒரு பெயர்கூட இல்லை. அவகாசம் சம்பவத்திலிருந்து 36 மாதம். பொருள் திரும்பி வந்து, கடிதத்துக்குப் பதிலும் வந்த பிறகு முடிவெடுக்கலாம். அவசரமாக இருப்பது வேறொன்று. உங்கள் கட்டடத்தின் மின்தூக்கியிலும் கார் நிறுத்துமிடத்திலும் கேமரா இருந்தால், அந்த ஐந்து முகங்களும் வண்டி எண்ணும் அதில்தான் இருக்கின்றன. பல கட்டடங்களில் சில நாட்களிலேயே பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். அன்றிரவு 11.30 முதல் 1 மணி வரையான பதிவை அழிக்காமல் எடுத்துவைக்கும்படி நிர்வாகக் குழு அலுவலகத்துக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். அதற்கும் இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரை.